தீப்பெட்டித் திரையில் ஏழுமலை முகம்

உங்கள் போட்டோக் கடையில் வந்து உட்கார்ந்தால் என் கை சும்மா இருப்பதில்லை. நீங்கள் ஒரு கல்யாணப் படத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் ஒரு தடவு தடவுகிறீர்கள். பெண்ணின் முகத்திலிருந்த பருவெல்லாம் காணாமல் போகிறது. இன்னொரு தடவு, வெயிலில் கறுத்த மாப்பிள்ளை வெளுத்துவிடுகிறார். எனக்கு உடனே எழுந்து தெருவுக்குப் போய்விட வேண்டும் போலிருக்கிறது. போன வாரம் அப்படித்தான் எழுந்து வந்துவிட்டேன். உங்களில் ஒருத்தி பின்னாலேயே வந்து, "இன்னாக்கா, பாதியிலயே வந்துட்டீங்க? காலு வலிக்குதா?" என்று கேட்டாள். காலுக்கு ஒன்றும் இல்லை. அன்று வாசலில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். வேலையெல்லாம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவளுக்கு எழுத நேரம் இருக்கிறது. நீங்கள் கஸ்டமர் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

கலர் திரை வைத்த போன் ஊருக்கு வந்த புதிது அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீட்டை இங்கே சொல்தா வீடு என்போம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸிலிருந்து லீவுக்கு வரும்போது முதலில் கொண்டுவந்தார்கள். பிறகு சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தன. திரை தீப்பெட்டியைவிட ஒரு சுற்றுதான் பெரிது. முக்கால்வாசி போன்களில் கேமரா கிடையாது. ஆனாலும் வைத்திருந்த எல்லோருக்கும் அதில் தங்கள் வீட்டு முகம் ஒன்று தெரிய வேண்டும். பீரோவிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் செல்போன் கடைக்கு வருவார்கள். ஸ்கேன் செய்து, சுருக்கி, திருத்தி, ஒயரை மாட்டி போனில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் ஒரு ஸ்டூடியோவில், நெகட்டிவில் பென்சிலால் முகத்தைத் திருத்தும் டச்சிங் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வேலை தெரிந்தவள் என்றுதான் கடைக்காரர் ஜாபர் பாய் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்.

கடை காந்தி வீதியில் இருந்தது. ஜாபர் பாய் முல்லா வீதிக்காரர். அவர் குடும்பத்தில் எல்லோருமே வியாபாரிகள். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே விலை பேசுவார். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு படத்தை முடிப்பதற்குள் நான்கு தடவை எழுந்திருப்பேன். கடைக்கு வருகிறவர்கள், "ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே இருக்கீங்க" என்பார்கள்.

அந்தத் திரையின் தொல்லை உங்களுக்குத் தெரியாது. அதற்குக் காட்டத் தெரிந்த நிறங்கள் குறைவு. மனிதத் தோல் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு மெல்ல மெல்ல நிறம் மாறும். திரையோ அதைத் திட்டுத் திட்டாக வெட்டிப் போடும். சிவப்புப் பட்டு கட்டிய பெண் சிவப்புத் திரைச்சீலைக்கு முன்னால் நின்று எடுத்த படம் என்றால் ஒரே தக்காளிக் குழம்பு. கறுத்த முகமாக இருந்தால் மொத்தமும் இருட்டிப்போய்ப் பல் மட்டும் மிஞ்சும். இதற்கு நான் கையாண்ட வழி எல்லோருக்கும் பிடித்த வழியாகவும் இருந்தது. முகத்தை வெளுத்துவிடுவேன். மூக்கு, கண் எல்லாம் தெரிந்துவிடும். "பளிச்சினு இருக்குதுக்கா" என்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

அஞ்சலையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. விவசாயக் குடும்பம். டவுனில் துணிக்கடையில் வேலை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்து போன் அனுப்பியிருந்தார். அதில் புருஷன் படத்தை வைப்பாள் என்று பார்த்தால், தம்பி படத்தை நீட்டினாள். ஏழுமலை. வயது இருபதைத் தாண்டியவன்; மனம் நாலைந்து வயதில் நின்றுவிட்டது. பேச்சு அதிகம் வராது. வலிப்பும் உண்டு. வேளை தவறாமல் மாத்திரை கொடுக்க வேண்டும். யாரோ உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில் எடுத்த படம். கரும்பச்சை பீரோவின் முன்னால், நீலச் சட்டையில் நிற்கிறான். கழுத்து இடது தோளில் சாய்ந்திருக்கிறது. வாய் திறந்தபடி, கீழுதடு தொங்கியபடி.

"வாய மூடி விட முடியுமாக்கா? கழுத்தையும் கொஞ்சம் நேராக்கி... நல்லா வெளுப்பா."

செய்து கொடுத்தேன். நான் செய்ததில் நல்ல வேலைகளில் அது ஒன்று. அஞ்சலை அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பிடி இருந்திருந்தான்னா இன்னேரம் இவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருப்போம்" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவள் கேட்டது அது; நான் கொடுத்தது அது. அதில் தப்பு ஒன்றும் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பண்டிகைக்கு முந்தைய வாரம் வேறு. கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. எங்கள் படிக்கட்டை ஒட்டியே ஒருவர் கைலியும் துண்டும் குவித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். உச்சி வெயில் ஏறும் நேரத்தில் அந்தக் குவியலைத் தாண்டிக்கொண்டு அஞ்சலை ஓடி வந்தாள்.

"யக்கா, தம்பியக் காணும்."

மூச்சு வாங்க நின்றாள். பிறகு எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. "சட்ட எடுத்துக் குடுக்கலாம்னு கூட்டியாந்தேன்க்கா. அளவு பாக்க சொல்ல ஒரு நிமிசம் கைய உட்டேன். அதுக்குள்ள பூட்டான். இந்தத் தெருவு முழுக்கத் தேடிட்டேன். போலீஸ்காரருகிட்ட போன காட்டினேன், வெயில்ல ஒண்ணுமே தெரியலம்மா, வேற போட்டோ குடுன்றாரு. போட்டோ ஊட்ல கெடக்குது. மாத்திரை என் பையில கெடக்குது. மத்தியான மாத்திரை போடலன்னா அவனுக்கு இழுத்துக்கும்க்கா. ரோட்ல உழுந்தா யாரு பாப்பா?"

ஞாயிற்றுக்கிழமை; போட்டோ லேப் எல்லாம் மூடியிருந்தது. எங்களிடம் பிரிண்டர் கிடையாது. ஜாபர் பாய் யோசிக்கவில்லை. "ஒயர எடு ரெஜினா. இந்தப் படத்த என் போன்ல ஏத்து" என்றார். அஞ்சலையின் போனில் இருந்த அதே படத்தை ஏற்றினேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அஞ்சலை வாசலில் ஆரம்பித்து வரிசையாக ஒவ்வொரு கடையாகக் காட்டிக்கொண்டு போனாள். கைலிக்காரர் கையைக் குவித்து வெயிலை மறைத்துப் பார்த்தார். "இல்லம்மா, இப்பிடி யாரும் வரல" என்றார்.

நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், கண்ணாடியைத் துடைத்தேன். ஜாபர் பாய் திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"யாரும் பாக்கல. ஒரு கண்டக்டர் மட்டும் சொன்னான், காலைலேர்ந்து இம்மாம் வெளுப்பா ஒருத்தரும் ஏறலையே பாய்னு."

கண்ணாடி துடைத்த துணியைக் கீழே போட்டேன். அவர்கள் ஏழுமலையைப் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. நான் செய்த பையனைப் பார்க்கவில்லை என்று சொல்கிறார்கள். நேரான கழுத்து, மூடிய வாய், வெளுத்த முகம். அப்படி ஒருவன் உலகத்திலேயே இல்லை. இல்லாதவனை நாங்கள் ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஸ்கேன் செய்த முதல் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. கையை வைக்காத படத்தை நான் அழிப்பதில்லை. இடத்தை அடைக்கிறது என்று ஜாபர் பாய் கத்துவார். கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அதைத் திறந்தேன். அஞ்சலையும் தெருவைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து என் பின்னால் நின்றாள். திரையில் தம்பியின் உண்மையான முகத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம்க்கா. வாயத் தொறந்துட்டு நிக்கிறத ஊரெல்லாம் காட்டாதீங்க. பைத்தியம்பாங்க."

"பைத்தியம்னு சொன்னாலும் சொல்லட்டும்மா. பாத்தோம்னு சொல்லுவாங்க இல்ல?"

அவள் கையை எடுக்கவில்லை. நானும் இழுக்கவில்லை. ஜாபர் பாய் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் பிடி தானாகத் தளர்ந்தது.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. உண்மையான படத்தை அப்படியே சுருக்கிப் போட்டால் வேலைக்கு ஆகாது. கறுத்த முகம், பின்னால் பச்சை பீரோ. அந்தத் திரையில் இரண்டும் ஒரே இருட்டு. முகத்தை வெளுத்தால் தெரியும், ஆனால் அது அவன் இல்லை. கை பழக்கத்தில் வெளுக்கத்தான் போனது. நிறுத்தினேன். எழுந்து நின்றேன். அப்போதுதான் தோன்றியது: முகத்தை ஏன் வெளுக்க வேண்டும்? பின்னால் இருப்பதை வெளுத்தால் போதாதா? பீரோவை முழுக்கத் துடைத்து வெள்ளையாக்கினேன். கறுத்த முகம் அப்படியே வெளியே வந்து நின்றது. இத்தனை மாதம் எத்தனை முகங்களை வெளுத்திருப்பேன், இந்த எளிய வழி அன்றைக்கு அந்தப் பதற்றத்தில்தான் தெரிந்தது.

அடுத்து, எதுவரை வெட்டுவது? முகம் மட்டும் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் தெருவில் போகிறவனை யார் மூக்கு முழியாகப் பார்க்கிறார்கள்? அவன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் தினுசுதான் மனசில் தங்கும். மார்பு வரைக்கும் விட்டேன்.

"இன்னிக்கு இன்னா சட்ட?"

"மஞ்சக்கா. முழுக்க மஞ்ச."

நீலச் சட்டையை மஞ்சளாக்கினேன். நீங்கள் கேட்கலாம், முகத்தில் கை வைக்கமாட்டேன் என்றவள் சட்டையை மட்டும் மாற்றலாமா என்று. மாற்றலாம். அன்று காலை அவன் போட்டுக்கொண்டது மஞ்சள். தேடுகிறவர்களுக்கு எது தேவையோ அதை மாற்றினேன். யாருக்காக, எதற்காக என்று தெரிந்த பிறகு கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

ஜாபர் பாய்க்குப் பொறுக்கவில்லை. "போதும் ரெஜினா, குடு. நேரம் ஆவுது."

ஏற்றினேன். அஞ்சலையின் போனுக்கு அவர் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. கடைக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிறது. காட்டப் போவது வெயிலில். போலீஸ்காரருக்குத் தெரியவில்லை என்று அஞ்சலை சொன்னாளே. வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தேன். கண்ணும் வாயும் கரைந்துபோயின. மறுபடி உள்ளே ஓடினேன்.

"எம்மா, உனக்கு இன்னா பைத்தியமா? அவ தம்பி எங்க உழுந்து கெடக்கறானோ!"

"தெரியாத படத்த வெச்சிகிட்டு இன்னொரு தபா சுத்தினா மட்டும் கெடச்சிடுவானா பாய்?"

நான் அவரிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். கண்ணின் விளிம்பு, உதட்டின் கோடு, தாடையின் கீழ் நிழல், இவற்றை மட்டும் அழுத்தமாகக் கறுப்பாக்கினேன். மற்றதைத் தொடவில்லை. அழகாக இல்லை. சுவரில் கரியால் கிறுக்கியது போல இருந்தது. மறுபடி ஏற்றி, வாசலுக்குப் போய், வெயிலில் நீட்டினேன். பக்கத்தில் இருந்த கைலிக்காரரிடமே காட்டினேன்.

"அடடே, இந்தப் புள்ளையா! இவன் இங்கதான நின்னான். துண்ட எடுத்துத் தலையில போட்டுகிட்டான். நான் அதட்டினதும் அந்தப் பக்கம் பூட்டான்" என்று பஸ் ஸ்டாண்டு போகும் திசையைக் காட்டினார். பிறகு அஞ்சலையைப் பார்த்தார். "ஏம்மா, மொதல்லயே இத்தக் காட்டியிருக்கக் கூடாது?"

அஞ்சலை போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள். தன் போனிலும் அந்தப் படத்தை ஏற்றி எடுத்துக்கொண்டு ஜாபர் பாய் போலீஸ்காரரிடம் ஓடினார். நான் கடையில் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அவளோடு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் முதலில் இரண்டு பேர் தலையாட்டினார்கள், தெரியாது என்று. மூன்றாவதாக, பஸ்ஸுக்குப் பஸ் ஏறி வேர்க்கடலை விற்கும் ஓர் அம்மா. திரையைப் பார்த்தவுடன் சொன்னாள்: "மஞ்ச சட்ட. கழுத்த சாச்சிகினு. காலாப்பட்டு வண்டியில ஜன்னலாண்ட உக்காந்துது. கடல கேட்டுச்சு, ஒரு பொட்டலம் குடுத்தேன்."

"எப்பம்மா?"

"வண்டி போயி வந்துடுச்சேம்மா."

ஈ.சி.ஆர். ரோட்டில் ஆட்டோ போன வேகம் போதவில்லை. ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் இறங்கிக் காட்டினோம். திரை வெளிச்சம் நொடிக்கு நொடி அணைந்துவிடும். பட்டனை அழுத்தி அழுத்தி ஏற்ற வேண்டும். பேட்டரி ஒரு கோடுதான் இருந்தது. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அஞ்சலை போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மாத்திரை நேரம் தாண்டிடுச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

காலாப்பட்டில் ஒரு டீக்கடைக்காரர், அப்படி ஒருவன் கடற்கரைப் பக்கம் போனான் என்றார். கடல் என்றதும் அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். குப்பத்துக்குள் ஓடினோம். மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். அங்கம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு போனை வாங்கினாள். முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்து, அந்த நிழலுக்குள் திரையை வைத்துப் பார்த்தாள்.

"தோ, இது நம்ம வலைக் கொட்டாயில படுத்திருக்கிற புள்ளைதான!"

கரையோரத்தில் விழுந்து கைகால் இழுத்துக்கொண்டதாம். வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் பார்த்துத் தூக்கிவந்து, நிழலில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது வலிப்பு அடங்கியிருந்தது. கன்னம் முழுக்க மணல். மஞ்சள் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அஞ்சலையைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் அவன் முதுகில் ஓர் அடி அடித்தாள். பிறகு அவன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக அழுதாள். வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏழுமலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் புறப்படும்போது ஆட்டோவில் எனக்கு இடமில்லை. பஸ்ஸுக்குப் போகலாம் என்று திரும்பினேன். அங்கம்மா கூடவே நடந்துவந்தாள்.

"அந்தப் படம் நீதான் போட்டியா?"

"ஆமா."

"எம் மவன் துபாயிலேர்ந்து கலர் போன் அனுப்பிச்சிருக்கான். கடலுக்குப் போற எங்க ஊட்டுக்காரரு படம் ஒண்ணு அதுல போட்டுக் குடுக்கறியா? இந்தப் புள்ளைக்குப் போட்ட மாதிரியே. உள்ளது உள்ளபடி."

"போட்டுத் தர்றேன். கடைக்கு வாங்க" என்றேன். எதற்கு உள்ளபடி என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பார்வை படகுகள் நின்ற பக்கம் இருந்தது. கேட்கவில்லை.

அன்றிலிருந்து கடைக்கு யார் படம் கொண்டுவந்தாலும் கேட்பேன், "இத யாரு பாக்கப் போறாங்க?" என்று. முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள். "நான்தான் பாப்பேன், வெளுப்பாவே போடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுப்பேன். ஆனால் கையை வைப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவேன். நீங்களும் கேளுங்கள். இப்போதெல்லாம் போனே கேட்காமல் முகத்தை வழித்துவிடுகிறதாமே. அதனால்தான் எனக்கு உங்கள் கடையில் இருப்புக் கொள்வதில்லை. அந்த முகம் உள்ளபடி எங்கேயாவது ஓரிடத்தில் மிச்சம் இருக்கிறதா என்றுதான் மனம் போய் நிற்கிறது.

அங்கம்மா அடுத்த வாரமே புருஷனோடு வந்தாள். அவர் தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஜாபர் பாய் யாரிடமோ ஒரு டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கி வைத்திருந்தார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் செவப்பா வர்ற மாதிரி எடும்மா. தாடையில ஒரு தழும்பு இருக்குது, அத்த மறைச்சிடு."

"சும்மா கெட" என்றாள் அங்கம்மா. "ஒரு நாளு உன்னத் தேட வேண்டி வந்தா, நான் எத்தக் காட்டிக் கேக்கறது?"

அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஜாபர் பாய்கூட ஓரிடத்தில் நின்றுவிட்டார். அங்கம்மாவின் புருஷன் ஸ்டூலைத் தானே ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, தழும்பு இருக்கும் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.